கட்சாலுக்குப் போன கிளைமாக்ஸ்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் போர்ட் பிளேரில் சினிமா நட்சத்திரம். படத்தில் நடித்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படம் சொன்னவர்.

அப்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் படப்பெட்டி வரும். தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் குட்வில் எஸ்டேட் மைதானத்தில் வேட்டித்துணித் திரை கட்டிப் படம் போடுவார்கள். படம் தமிழ். பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர்கள். தீவில் இத்தனை பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே பாஷை இந்தி. ஆகவே திரை ஓரத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து நின்று, நடக்கிறதை நடக்க நடக்க இந்தியில் சொல்ல வேண்டும். அவர் வாயைத் திறக்கும்போது ஆபரேட்டர் படத்தின் சத்தத்தைக் குறைப்பார். அந்த மைக் என் வீட்டுக்காரர் கையில் இருந்தது. பகலில் அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. படம் வந்த சனிக்கிழமை மட்டும் அவர் வேறு ஆள்.

தலைக்கு எண்ணெய், வெள்ளைச் சட்டை, முகத்துக்குப் பவுடர். “இருட்டுல நிக்கிற ஆளுக்கு எதுக்குங்க பவுடர்?” என்று ஒரு தடவை கேட்டேன். “மேடை ஏறுறவனுக்கு அது வேணும், உனக்குப் புரியாது” என்றார். மேடையே கிடையாது. ஒரு பெட்டி மேல் ஏறி நிற்பார்.

படத்தோடு பாட்டுப் புத்தகமும் வரும். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். அதை அவர் ஒரு வாரம் உருப்போடுவார். ஆனால் அந்தச் சுருக்கம் எப்போதும் பாதியில் நின்றுவிடும். கதாநாயகனைக் கட்டிப்போட்டு, கதாநாயகியைத் தெருவில் நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லிக் கையை விரித்துவிடுவார்கள். அதனால் எந்தப் படமானாலும் முதல் பாதிக்கு என் வீட்டுக்காரர் சிங்கம், பின்பாதிக்குக் கொஞ்சம் தடுமாறுவார்.

இந்தியில் எல்லாப் பரீட்சையும் பாஸ் செய்தவர் அவர். கதாநாயகி “அத்தான், காப்பி” என்றால் இவர் “ஹே பிராணநாத், கிருபயா” என்று ஆரம்பிப்பார். எங்கள் பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, எல்லோருக்கும் அவள் தீதி, ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் என்னிடம் கேட்டாள்: “உன் வீட்டுக்காரர் கதை சொல்றாரா, பூஜை பண்றாரா?” ஆனாலும் அவர் குரல் நல்ல குரல். புரியாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் மீன்காரர் வஞ்சிரத்தின் நடுத்துண்டைத் தானாக எடுத்து வைப்பார். பஸ்ஸில் கண்டக்டர் யாரையாவது எழுப்பி இடம் தருவார். ஊரே அவரைக் கஹானிவாலா பாபு என்று கூப்பிட்டது. கதைக்கார ஐயா. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் ஒரு கடைவாய்ப் பல் கெடுத்தது.

வலி பொறுக்காமல் ஒரு சனிக்கிழமை காலையில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று அவர் கணக்கு. சரியாகவில்லை, கன்னம் இட்லிபோல வீங்கிவிட்டது. வாய் நிறையப் பஞ்சு. அந்தமானில் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஆறு மணிக்கு மைதானம் நிரம்பிவிட்டது. சங்கச் செயலாளர் ஓடி வந்து, “அண்ணே, ஜனம் வந்தாச்சு, ஆரம்பிங்க” என்றார். இவர் “ம்ம், ம்ம்ம்” என்றார். படம் ஓட ஆரம்பித்துவிட்டது. திரையில் ஒரு மாமியார் வாயைத் திறந்து எதையோ சொல்கிறாள், மைதானம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறது. இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கை எட்டும் தூரத்தில் நான்தான் இருந்தேன். மைக்கை என் கையில் திணித்துவிட்டார்.

எனக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது. எனக்குத் தெரிந்த இந்தி முழுக்கக் குழாயடி இந்தி. தண்ணீர் குறிப்பிட்ட நேரம்தான் வரும்; அதற்குள் தீதியிடமும் தெலுங்குக்காரியிடமும் ராஞ்சிக்காரியிடமும் வரிசையை விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது. அந்த மாமியார் மருமகளைப் பார்த்து என்ன சொன்னாளோ, நான் சொன்னது இதுதான்: “அரே, லைன் தோட்கே கிதர் ஜாத்தா ஹை? ஹம் க்யா அந்தா ஹை?” வரிசையை உடைத்துக்கொண்டு எங்கே போகிறாய், நான் என்ன குருடா என்று. மைதானம் சிரித்துப் புரண்டது. தீதி தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து எழுந்தே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. மாமியாருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு இவர் ஆபீஸ் ஹெட் கிளார்க் குரல் என்று வெளுத்துக்கட்டினேன். படத்தில் இல்லாததையும் கொஞ்சம் சேர்த்தேன். ருசிக்கு உப்புப் போடுவது தப்பா?

அடுத்த படத்துக்குப் பல் ஆறிவிட்டது. அவர் பவுடர் போட்டுக்கொண்டு பெட்டி மேல் ஏறினார். “ஹே பந்துகண்”, சுற்றத்தாரே, என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், “பாபியைப் பேச விடுங்க” என்றது. பாபி என்றால் அண்ணி. இன்னும் நாலு குரல் சேர்ந்தது. அவர் பெருந்தன்மையாகச் சிரித்து இறங்கினார். மறுநாள் ஆபீஸில், “எல்லாம் என் ட்ரெய்னிங்” என்று சொன்னதாகக் கேள்வி.

ஆனால் பெருந்தன்மை எத்தனை படத்துக்குத் தாங்கும்? இங்கே மழைக்கு நேரம் காலம் கிடையாது. நான் பேசும்போது மைக் நனையாமல் இருக்க அவர் குடை பிடிக்க வேண்டியதாயிற்று. முதலில் என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். போகப் போகக் குடை மைக்குக்கு மட்டும் என்றாகிவிட்டது. பவுடர் போடுவதையும் விட்டுவிட்டார். ஒரு நாள் மீன் வாங்கப் போனவர் பையைத் தொப்பென்று அடுப்படியில் வைத்துவிட்டு, “உன் மீன் வந்திருக்கு” என்றார். என்ன விஷயம் என்று கேட்டால் சொல்லவில்லை. பிறகு தீதி சொன்னாள்: மீன்காரர் நடுத்துண்டைக் கொடுத்துவிட்டு, “ஆப் கஹானிவாலி கா ஆத்மி ஹை நா?” என்று கேட்டிருக்கிறார். கதைக்காரியோட புருஷன்தானே என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. தீதி சிரிக்கவில்லை. “நீ சிரிக்காதே” என்றாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

ஒரு பெரிய நடிகன். ஊரே அவன் பின்னால் போகிறது. அவன் ஒரு ஏழைப் பெண்ணின் பாட்டைக் கேட்டு, அவளைப் படத்தில் சேர்த்துவிட்டு, கல்யாணமும் செய்துகொள்கிறான். அவள் மேலே மேலே போகிறாள். இவனை யாரும் சீந்துவதில்லை. பாட்டுப் புத்தகத்தைப் படித்ததும் அதை அவரிடமே நீட்டினேன். “இந்தப் படத்தை நீங்களே சொல்லுங்களேன்” என்றேன். அவர் ஏற இறங்கப் பார்த்தார். “ஏன், எனக்குப் பொருத்தமா இருக்கும்னா?” என்றார்.

அன்றும் தூறல். அவர் குடையோடு நின்றார். படத்தில் ஒரு விழா வந்தது. வாசல்காரன் அந்த நடிகனை உள்ளே விடாமல் தடுத்து, யார் நீங்கள் என்று கேட்கிறான். பக்கத்தில் இருந்தவன், “இவரு அந்தம்மாவோட வீட்டுக்காரருப்பா” என்கிறான். நான் என்ன செய்யட்டும்? படத்தில் இருந்ததைத்தானே சொல்ல வேண்டும்? “யே உஸ்கா ஆத்மி ஹை” என்றேன். மீன்காரர் சிரித்தார் பாருங்கள், அதோடு எல்லாத் தலையும் குடைப் பக்கம் திரும்பியது. நான் அந்த வார்த்தையை இரண்டு தடவை சொன்னேன் என்பது அவர் பிறகு வைத்த குற்றச்சாட்டு. முதல் தடவை சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை, அதனால்தான் சொன்னேன்.

அவர் குடையை மடக்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நான் நனைந்துகொண்டே சொன்னேன். பாதியில் விட்டுப் போக முடியுமா?

திரையில் அந்த நடிகன் வீட்டை விட்டு வெளியேறி, கடற்கரைக்கு வந்து நின்றான். அலையைப் பார்த்தான். அவ்வளவுதான், திரை வெள்ளையாகிவிட்டது. ஆபரேட்டர் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். ரீல் இல்லை. படம் இரண்டு பெட்டியாக வந்திருக்கிறது. எங்களுக்கு அடுத்தபடி, தெற்கே நிக்கோபார் பக்கம் இருக்கிற கட்சால் தீவில் போட வேண்டிய படம் அது. அங்கே ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. கப்பல் ஜெட்டியில் யாரோ இரண்டாவது பெட்டியை அரிசி மூட்டையோடு சேர்த்து மத்தியானமே கட்சால் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் கிளைமாக்ஸ் அந்நேரம் நடுக்கடலில் இருந்தது.

ஜனம் நகரவில்லை. அந்த ஆள் என்ன ஆனான் என்று தெரியாமல் போக மாட்டோம் என்றார்கள். செயலாளர் கையைப் பிசைந்தார். “அண்ணி, நீங்களே எதையாவது சொல்லி முடிச்சிடுங்க, இல்லேன்னா நாற்காலியை உடைச்சிருவாங்க” என்றார். பாட்டுப் புத்தகம் வழக்கம்போல அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. எனக்கு அந்த நிமிஷம் மனசெல்லாம் வீட்டில் இருந்தது. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான், கோபம் ஆறியது, பசித்தது, வீட்டுக்கு வந்துவிட்டான். அவள் மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். முடிந்தது. ஜனம் கை தட்டிவிட்டுக் கலைந்தது. தீதி மட்டும், என்ன மீன் என்று கேட்டாள்.

வீட்டில் அவர் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மைதானத்து ஒலிபெருக்கி எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

“நல்லாத்தான் அளந்து விட்ட” என்றார்.

“அளக்கலை. அப்படித்தான் முடியும்.”

“அப்படி முடியாது. அந்த மாதிரி ஆளு திரும்பி வரமாட்டான்.”

“ஏன் வரமாட்டான்? வீட்டுல அவனுக்கு என்ன குறை வச்சாங்க?”

“வீட்டுல அவனுக்கு என்ன வேலை இருக்கு?” என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். கட்சாலில் ஆபீஸ் திறக்கிறார்களாம், ஆள் கேட்கிறார்களாம். அடுத்த கப்பலில் டூர் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் திங்கட்கிழமை சரி என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். அங்கே குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. போனால் தனியாகத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு.

“போங்க. போறவங்களை இங்க யாரும் கட்டி வைக்கலை” என்றேன். கோபத்தில் வருகிற வார்த்தைக்கு நானா பொறுப்பு? அவர் கப்பல் ஏறினார். நான் ஜெட்டிக்குப் போகவில்லை.

அவர் இல்லாத நாட்களில் என் முடிவு ஊரில் ஊன்றிவிட்டது. ஊர் ஓரத்துப் பத்துபஸ்தி வரைக்கும் போய், அந்த நடிகன் வீடு திரும்பி மீன் குழம்பு சாப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். எனக்குத்தான் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தத் தீவில் எனக்கென்று இருந்தது அந்த மனுஷர் ஒருத்தர்தான். சண்டை போடவும் வேறு ஆள் கிடையாது.

கப்பல் திரும்பிய அன்று அவர் அந்த இரண்டாவது படப்பெட்டியோடு வந்தார். முகத்தில் ஒரு களை. குரல் மட்டும் கட்டியிருந்தது.

“என்ன தொண்டை?”

“பேசினேன்” என்றார். சாப்பிட உட்கார்ந்ததும் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். கட்சால்காரர்கள் இரண்டாவது பெட்டியை மட்டும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். திரையில் எடுத்த எடுப்பில் ஒருவன் கடற்கரையில் நிற்கிறான். யார், எவர் ஒன்றும் தெரியாது. இவர் கப்பலை விட்டு இறங்கியதும் ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டு, “ஐயா, நீங்க போர்ட் பிளேருங்களா? அந்தாளு யாருங்க? அந்தாளுக்கு என்னாங்க கொறை?” என்று கேட்டிருக்கிறது. இவர் தோட்டத்து வாசலில் நின்று படத்தின் முக்கால்வாசியையும் திரையில்லாமல், மைக்கில்லாமல் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அந்தப் பெட்டியை அவருக்காக மறுபடியும் போட்டுக் காட்டினார்களாம்.

“தமிழ்லயே சொன்னேன். அவங்களுக்கு எதுக்கு இந்தி? பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க. மறுநாளும் சொல்லச் சொன்னாங்க. கதை ஐயான்னு கூப்பிடறாங்க என்னை.”

சோற்றை அளைந்தபடி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இங்கே போனது அவருக்கு அங்கே கிடைத்துவிட்டது. இனி எதற்கு இங்கே இருப்பார்? கட்சாலைப் பற்றி நான் கேட்கவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டேன்.

“அந்த ஆளு திரும்பி வந்தானா?”

“சனிக்கிழமை பாரு” என்றார்.

சனிக்கிழமை கூட்டம் தாங்கவில்லை. மீன் குழம்பைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார்கள். நான் பெட்டி மேல் ஏறினேன். அவர் எங்கோ பின்னால் நின்றார். அந்த நடிகன் அதே கடற்கரையில், அதே அலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுப் பக்கம் திரும்புவான் என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பவில்லை. செருப்பைக் கழற்றி வைத்தான். கடலுக்குள் நடக்க ஆரம்பித்தான்.

முழங்கால் வரைக்கும் தண்ணீர், பிறகு இடுப்பு வரைக்கும். மைதானம் என்னைப் பார்த்தது. “வோ...” என்றேன், அவன் என்று. அதற்கு மேல் குரல் எழவில்லை. அவர் கட்சாலில் இதைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறார். வீட்டுக்கு வராதவன் கதையை ஊருக்கே சொல்லி அழவைத்துவிட்டுத்தானே வந்திருக்கிறார். திங்கட்கிழமை என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. மைக்கைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றேன்.

யாரோ என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள். அவர்தான்.

“நஹானே ஜாத்தா ஹை” என்றார், பந்துகணும் பிராணநாதும் இல்லாமல், அசல் குழாயடி இந்தியில். குளிக்கப் போகிறான்.

திரையில் தலையும் மறைந்தது. ஒரு துண்டு மட்டும் மிதந்து வந்தது. “துண்டை விட்டுட்டான். வந்து எடுத்துப்பான்” என்றார். அடுத்த காட்சியில் அவன் போட்டோவுக்குப் பெரிய மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். தீதி எழுந்தாள். “போட்டோவுக்கு மாலை எதுக்கு?” என்று கத்தினாள். “பிறந்தநாள்” என்றார் அவர், சற்றும் தயங்காமல். கதாநாயகி வெள்ளைச் சேலையில் வந்தாள். “தோபி கலர் சேலையை இன்னும் கொண்டு வரலை” என்றார். மீன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோருக்கும் கண் இருந்தது. செத்தவன் போட்டோ எது என்று தெரியாதவர்கள் இல்லை. இருந்தாலும் ஒருவர்கூட அவரை மறுத்துப் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி மைதானம் இப்படிச் சிரித்ததே இல்லை.

நான் மட்டும்தான் சிரிக்கவில்லை. திரையில் அவள் அழ, இங்கே நான் பெட்டி மேல் நின்று, முந்தானையால் மூடியும் அடங்காமல் அழுதுகொண்டிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். மைக் கையில் இருப்பதையே மறந்துவிட்டார்.

“ஏய், அழாத. நான் கட்சாலுக்குப் போகலை” என்றார்.

ஒலிபெருக்கி அதை எஸ்டேட் முழுக்கக் கொண்டுபோனது. தமிழ் தெரிந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். தெரியாதவர்கள் முழித்தார்கள். “க்யா போலா? க்யா போலா?” என்று தீதி எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். என்ன சொன்னார் என்று சொல்லாமல் விட மாட்டாள் அவள்.

அவர் மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ரோ மத். ஹம் கட்சால் நஹி ஜாயேகா” என்று இந்தியில் சொன்னேன். பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.